விலை குறைஞ்சா ஸ்போர்ட்ஸ் கார் இல்லையோ?

போன மாதம் ஹொஸ்டல் அறையில் ஒரு சண்டை. அரசியலும் இல்லை, காதலும் இல்லை, ஒரு சின்னச் சிவப்புக் கார்தான் காரணம். மஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்கக்காரர் மியாட்டா என்பார்கள். அந்தக் கார் ஒரு மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறும் காணொளியை நாங்கள் நாலைந்து பேர் ஒரு போனுக்குள் தலையைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டிப் பார்த்த பொறியியல் பீட நண்பர் ஒரே வசனத்தில் தீர்ப்பெழுதிவிட்டார்: "இது ஸ்போர்ட்ஸ் கார் இல்ல மச்சான். ஸ்போர்ட்ஸ் கார் வேஷம் கட்டின சின்னக் கார்."

ஏன் எண்டு கேட்டோம். வேகம் காணாது என்றார். எஞ்சின் குடும்பக் காரிலிருந்து எடுத்தது என்றார். அரை மணித்தியாலம் இழுபட்ட பிறகுதான் உள்ளே கிடந்த காரணம் வெளியே வந்தது: "ஒரு பள்ளிக்கூட ரீச்சர் சம்பளத்தில வாங்கக்கூடிய கார் எப்பிடி ஸ்போர்ட்ஸ் காராகும்?"

அந்தக் கேள்வியோடுதான் எங்களுக்குப் பிரச்சினை.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருவர்கூட இந்தக் காரில் ஏறியதில்லை. இலங்கையில் இது மலிவான காரும் இல்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கிற வரியையும் போட்டால் ரீச்சர் என்ன, அதிபராலும் வாங்க முடியாது. ஆகவே கட்டுப்படியாகும் விலை என்று இங்கே எழுதும் இடமெல்லாம், ஜப்பானிலோ அமெரிக்காவிலோ பிரித்தானியாவிலோ மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவருக்குக் கட்டுப்படியாகும் விலை என்று வாசியுங்கள். ஆர்ட்ஸ் படிக்கிற ஆக்களுக்கு எஞ்சினைப் பற்றி என்ன கதை என்றும் கேட்கலாம். அன்று கேட்டவர்களும் உண்டு. சண்டை எஞ்சினைப் பற்றியதாக இருந்தால் நாங்கள் வாய்மூடி இருந்திருப்போம். இது ஒரு சொல்லை யார் வைத்திருப்பது என்பதைப் பற்றிய சண்டை. அது எங்கட பாடம்.

வேகத்தை முதலில் பார்ப்பம். 1989 இல் வந்த முதலாவது மியாட்டாவின் எஞ்சின் 1.6 லீற்றர், அமெரிக்கக் கணக்கில் 116 குதிரைவலு. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொட 9 விநாடி அளவில் எடுக்கும். இன்றைக்குக் கொழும்பு வீதியில் ஓடுகிற பிவைடி அட்டோ 3 என்ற மின்சாரக் குடும்ப வண்டி அதே வேகத்தை 7.3 விநாடியில் தொடுகிறது. பின் இருக்கையில் மூன்று பிள்ளைகள், டிக்கியில் அரிசி மூட்டை, எடை 1,700 கிலோவுக்கு மேல். அதை யாராவது ஸ்போர்ட்ஸ் கார் என்கிறார்களா? இல்லை. அப்படியானால் விநாடிக் கணக்கு அளவுகோல் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். மியாட்டாவை வெளியே தள்ளும்போது மட்டும் அந்த அளவுகோலை அலுமாரியிலிருந்து எடுப்பது என்ன நியாயம்?

மஸ்டாவுக்கு வேகமாக ஓடும் கார் செய்யத் தெரியாது என்றும் இல்லை. மியாட்டா வந்து இரண்டு வருடத்தில், 1991 இல், லே மான்ஸ் 24 மணிநேர ஓட்டத்தை 787பி வென்றது. அந்தப் போட்டியை வென்ற முதல் ஜப்பானியக் கொம்பனி அதுதான். செய்யத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே வேறொன்றைச் செய்தார்கள்.

அடுத்தது, எஞ்சின் குடும்பக் காரினது என்ற குற்றச்சாட்டு. உண்மைதான், மஸ்டா 323 வழிவந்த எஞ்சின். ஆனால் இந்தக் குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கத் தொடங்கினால் சிறைச்சாலை காணாது. 1948 இல் ஒஸ்திரியாவின் க்முண்டில் உருவான முதலாவது போர்ஷே 356 ஐ எடுங்கள். உள்ளே இருந்தது ஃபொக்ஸ்வாகன் வண்டின் எஞ்சின்தான், வெறும் 35 குதிரைவலு. போர்ஷே என்றால் எழுந்து நிற்கும் எங்கள் நண்பருக்கு இதைச் சொன்னபோது "அது வேற" என்றார். எப்படி வேறு என்று இன்னும் சொல்லவில்லை. மியாட்டாவைச் செய்தவர்கள் கண்முன்னே வைத்திருந்த லோட்டஸ் இலானுக்கு (1962) அடிப்படை ஃபோர்ட் எஞ்சின். இலான் 700 கிலோவுக்கும் குறைவு. மோட்டார் எழுத்தாளர்கள் இன்றும் அதைக் கும்பிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். ஃபோர்டிடம் வாங்கினால் மேதைமை, மஸ்டா தன் சொந்த வீட்டு எஞ்சினைப் போட்டால் களவோ?

எங்களுக்குப் பிடித்த உதாரணம் இன்னும் கிட்ட இருக்கிறது. 1958 இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைட். தவளைக் கண் மாதிரி பொனற்றில் முளைத்த இரண்டு லைற். பிரித்தானியாவில் 700 பவுணுக்குள் விலை. எஞ்சின் 948 சிசி, 43 குதிரைவலு. அதே 948 சிசி எஞ்சின்தான் அந்தக் காலத்து மொறிஸ் மைனர் 1000 இல் இருந்தது. ஸ்பிரைட்டின் ஸ்ரியரிங்கூட மைனரினதுதான்.

மொறிஸ் மைனர் என்றால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் காட்டக்கூடக் கிடைக்காதபோது, மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. எங்களில் ஒருத்தியின் பெரியப்பா வைத்திருந்தார். காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. பின்னால் வெள்ளைப் புகை, சந்தியில் நின்றவர்களுக்கு இருமல். அந்தக் காரில்தான் அவள் பிற்பாடு ஓடப் பழகினாள். பவர் ஸ்ரியரிங் இல்லை, ஏசி இல்லை, றோட்டில் கிடக்கிற கல் ஒவ்வொன்றும் உள்ளங்கைக்கு வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகும் என்பாள். போனில் மியாட்டாவைப் பார்த்ததும் முதலில் வாயைத் திறந்தவளும் அவள்தான்: "இதில றோட்டுத் தெரியும்."

ஸ்பிரைட், எம்ஜி மிட்ஜெட், ட்ரயம்ப் ஸ்பிற்ஃபயர் எல்லாம் அந்த வகைக் கார்கள். ஒருவர் காலையில் அதிலே வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை அதே காரைக் கழகப் போட்டியில் ஓட்டி, திங்கள் திரும்பவும் வேலைக்குப் போகலாம். ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லை நாடு நாடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்தச் சின்ன வண்டிகள். அவற்றுக்குப் பிறகு வந்த பணக்காரக் கார்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, இப்போது வாசலில் காவல் நிற்கின்றன.

1980 ஒக்ரோபரில் அபிங்டனில் எம்ஜி தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த வருடமே ஸ்பிற்ஃபயரும் முடிந்தது. மலிவான, கூரை திறக்கிற இரண்டிருக்கைக் கார் ஏறக்குறைய அழிந்துபோன இனம். மியாட்டாவின் கதை அதற்குச் சற்று முன்னால் தொடங்குகிறது. பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் ஹிரோஷிமாவில் மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், அந்தப் பழைய பிரித்தானிய வகைக் காரை இப்போது யாரும் செய்வதில்லை, நீங்கள் செய்யலாமே என்று சொன்னார். ரோட்டரி எஞ்சினோடு மல்லுக்கட்டிய பொறியியலாளரான யமமோட்டோ அதை மறக்கவில்லை. ஹோல் பிறகு மஸ்டாவின் கலிபோர்னியாக் கிளையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். முன்சக்கரம் இழுக்கிற கார், நடுவில் எஞ்சின் வைத்த கார், முன்னால் எஞ்சினும் பின்சக்கர இழுவையும் கொண்ட கார் என்று மூன்று திட்டங்கள் கொம்பனிக்குள்ளேயே மோதின. இலாபம் மட்டும் பார்த்திருந்தால் முதலாவதைத்தான் எடுத்திருக்க வேண்டும். குடும்பக் காரின் பாகங்களை அப்படியே போட்டு முடித்திருக்கலாம். அவர்கள் மூன்றாவதை எடுத்தார்கள்.

எடுத்ததோடு விடவுமில்லை. நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். கியர் பெட்டியையும் பின் டிஃபரன்ஷலையும் ஒரு அலுமினியச் சட்டத்தால் கட்டினார்கள். ஆக்சிலேற்றரை மிதித்தால் இடையில் துவளாமல் அது நேரே பின்சக்கரத்துக்குப் போகும். பற்றரியைத் தூக்கிப் பின்னால் டிக்கிக்குள் வைத்தார்கள், முன்னும் பின்னும் எடை சரிபாதிக்குக் கிட்ட வரவேண்டும் என்பதற்காக. பொனற் அலுமினியம். திட்டத்தைத் தலைமை தாங்கிய தொஷிஹிக்கோ ஹிராய் பிடித்துக்கொண்ட சொல் ஜின்பா இத்தாய்: குதிரையும் ஏறியவரும் ஒரே உடம்பு. வேஷம் கட்ட நினைக்கிறவன் பற்றரிக்கு இவ்வளவு மினக்கெடுவானா?

1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் வந்தபோது அடிப்படை விலை 13,800 டொலர். பணவீக்கத்தைச் சேர்த்தால் இன்றைக்கு 30,000 ஐத் தாண்டும். இப்போதைய மாதிரியும் அந்த அளவில்தான் தொடங்குகிறது. நாங்கள் அதிகம் வியப்பது இன்னொரு கணக்கை. ஜப்பானில் 1989 இன் மிக எளிய மாதிரி 940 கிலோ. 2015 இல் வந்த நான்காம் தலைமுறையின் எளிய மாதிரி 990 கிலோ. 26 வருடத்தில் காற்றுப்பைகள், பாதுகாப்புச் சட்டங்கள், இலத்திரனியல் என்று எத்தனையோ ஏறியும் கூடியது 50 கிலோ மட்டும். நீளம் முதல் காரைவிடக் குறைந்தே போனது. உலகத்தில் மற்றக் கார்களெல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை ஊதிக்கொண்டு போகும்போது ஒரு கொம்பனி கிராம் கிராமாகச் சண்டை பிடித்திருக்கிறது. குதிரைவலுவைக் கூட்டுவது காசுள்ள எவருக்கும் இயலும், பெரிய எஞ்சினை வாங்கிப் போட்டால் சரி. எடையைக் குறைப்பதற்கு எதை விடுவது என்று ஒவ்வொரு திருகாணியிலும் முடிவெடுக்க வேண்டும். எங்கள் கண்ணில் ஸ்போர்ட்ஸ் கார் என்பது அந்த முடிவுகளின் தொகுப்பு: ஓடுகிறவரின் உடம்புக்கும் றோட்டுக்கும் இடையில் எவ்வளவு குறைவாக வைக்கலாம் என்று கேட்டுச் செய்த கார். அந்தக் கேள்வியில் விலை எங்கேயும் வருவதில்லை.

2000 ஆம் ஆண்டில் 531,890 கார்களோடு, உலகில் அதிகம் விற்ற இரண்டிருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் பதிந்தது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் ஹிரோஷிமாவில் வெளியே வந்தது. எங்கள் நண்பர் இதையும் எதிர்வாதமாக்கினார், "அவ்வளவு பேரிட்ட இருக்கிறது என்ன விசேஷம்?" என்று. பாருங்கள், கார் கதை எங்கே வந்து நிற்கிறதென்று. அவருக்குத் தேவை ஓட்டம் இல்லை, மற்றவனிடம் இல்லாத ஒன்று. அதுக்கு நகைக்கடைக்குப் போகலாம்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். பிரித்தானியாவில் இந்தக் காருக்கு ஒரு நக்கல் பெயர் உண்டு: முடி திருத்துபவரின் கார். அங்கே அது பெண்களையும் ஒருபாலீர்ப்புள்ள ஆண்களையும் ஒரே கல்லால் எறிகிற பகிடி. அன்று அறையில் ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். தமிழுக்கு வந்ததும் அது தொழிற்பெயராக நிற்கவில்லை, ஊரில் வசவாகப் பாவிக்கிற சாதிப்பெயராகிவிட்டது. அறை முழுக்கச் சிரிப்பு. எங்களிலும் இரண்டு பேர் சிரித்தோம். பிறகுதான் உறைத்தது. சலூனில் காலையிலிருந்து இரவு வரை கால் கடுக்க நிற்கிற ஒருவர் காசு சேர்த்து இரண்டிருக்கைக் கார் வாங்கினால், அந்தக் காரின் சஸ்பென்ஷனில் என்ன மாறுகிறது? ஒன்றுமில்லை. மாறுவது பக்கத்தில் நிற்கிறவரின் முகம்தான். "உண்மையான ஸ்போர்ட்ஸ் கார்" என்று சொல்லும்போது அந்த "உண்மையான" எங்கேயிருந்து வருகிறது என்பதை அந்தச் சிரிப்பில் நாங்கள் கண்டோம். கோயில் வாசலிலும் கலியாணப் பேச்சிலும் கேட்ட அதே சொல்தான்.

காரில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வளைவில் உடம்பு நன்றாகச் சரியும். உயரமானவர்களுக்கு முழங்கால் இடிக்கும். நெடுஞ்சாலையில் துணிக் கூரைக்குள் காற்றுச் சத்தத்தில் கதைக்க முடியாது. டிக்கியில் இரண்டு பயணப்பை வைத்தால் மூன்றாவதை மடியில்தான் வைக்கவேண்டும். நேர்றோட்டில் போர்ஷே 911 இதைக் கண்ணாடியில் புள்ளியாக்கிவிட்டுப் போகும். எல்லாம் சரி. ஆனால் அமெரிக்காவில் மியாட்டாக்களுக்கென்றே ஸ்பெக் மியாட்டா என்று தனிப் போட்டி வகுப்பு வைத்து, பழைய கார்களைத் திருத்தித் திருத்தி ஓடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள். எஞ்சினுக்கும் எடைக்கும் கட்டுப்பாடு, மிச்சம் கையும் காலும். விளையாட்டு என்பதற்கு இதைவிட வேறென்ன பொருள் வைத்திருக்கிறீர்கள்?

கடைசியாக நண்பர் ஒன்று கேட்டார். நல்ல கேள்வி. "சரி, நாளைக்கு இதையே பற்றரியில ஓடவிட்டு, நாலு விநாடியில நூறைத் தொட்டுது எண்டு வையுங்கோ. அப்பவும் பேர் வைப்பீங்களோ?" எடை எவ்வளவு என்று கேட்டோம். 1,400 கிலோ என்றார். அப்படியொன்று வந்தால் நாங்களே அந்தப் பெயரைப் பிடுங்கிவிடுவோம், விலை ஒரு கோடி என்றாலும் சரி என்றோம். "எழுதித் தருவீங்களோ?" என்றார். எழுதியாச்சு.