பழுது மடிக்கணினியில் இல்லை

பெங்களூரு எஸ்.பி. சாலையில் வாங்கிய பழைய மடிக்கணினியில் விண்டோசுடன் உபுண்டுவையும் நிறுவிய மாணவரிடம், அது ஒருநாள் தொடங்காமல் நின்றால், 'பழைய பெட்டி, அப்படித்தான்' என்கிறார்கள். அத்தீர்ப்பு எப்போதும் நியாயமானதன்று.

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு இரட்டை இயங்குதளக் கணினிகளைத் தொடாது என்றது மைக்ரோசாப்ட். தொட்டது, பல கணினிகளில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. உபுண்டு 24.04 போன்ற புதிய பதிப்புகளும் தப்பவில்லை. கிரப் ஏற்றியில் ஓட்டை இருந்தது உண்மை. அதை அடைப்பதும் தேவையே. ஆனால் ஓட்டையை அடைக்க வந்தவர் அடுத்த குடித்தனத்தின் கதவையே பூட்டிவிட்டார்.

செக்யூர் பூட்டை அணைத்து, உபுண்டுவில் மோக்யூட்டில் கட்டளையால் எஸ்பேட் விதியை நீக்கி, கணினியை மறுபடி தொடங்கியபின் செக்யூர் பூட்டை இயக்கினால் மீளலாம். நிறுவனத்தின் முழுத் திருத்தமோ 2025 மே மாதத்தில்தான் வந்தது. அந்த ஒன்பது மாதப் பழியைப் பழைய கணினி சுமக்க வேண்டியதில்லை.