நிறம் ஏறாத நான்கு புரதங்கள்

சிதம்பரத்திலும் கடலூரிலும் பேருந்து நிலையத்தை ஒட்டிய சுவர்களில் ‘மூலம், பவுத்திரம்’ விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. மலத்தில் ரத்தம் கண்ட பலரும் முதலில் நம்புவது அதைத்தான். மாதங்கள் ஓடி, குடல் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, மஞ்சள் பையில் சேரும் காகிதங்களில் ஒன்று ‘சி.இ.ஏ.’ ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

சி.இ.ஏ. என்ற இந்தப் புரதத்தை 1965-ல் கனடாவின் மாண்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்தார்கள். ரத்தத்தில் அது மில்லி லிட்டருக்கு 5 நானோகிராமைத் தாண்டினாலே வீட்டார் கலங்கிப்போகிறார்கள். பீடி பிடிப்பவருக்கு நோயே இல்லாமலும் அது கூடும். நோய் முற்றியும் சிலருக்கு அது கூடுவதில்லை. அறுவைக்கு முன் ஒருமுறை அளந்து, பின்னர் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பயன். ஒற்றைச் சீட்டை வைத்து ஆயுளைக் கணிப்பது கிளி ஜோசியம்.

பி53 என்ற புரதத்தின் கதை இன்னும் சோகம். அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. குடல் புற்றின் போக்கைக் கணிக்க அதை நம்ப வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2006-ல் சொல்லிவிட்டது.

உண்மையில் உதவுபவை வேறு நான்கு: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. செல் பிரியும்போது மரபணுவில் விழும் பிழைகளைத் திருத்தும் மெய்ப்புத் திருத்துநர்கள் இவை. அவற்றைப் பார்க்கும் வழி எளிது. பயாப்சியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றுகிறார்கள். புரதம் இருந்தால் உட்கரு பழுப்பாகும். பக்கத்து நல்ல செல்கள் பழுப்பேறியிருக்க, புற்றுச் செல்கள் மட்டும் நீலமாகவே நின்றால், அங்கே திருத்துநர் இல்லை. குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 15 சதவீதம் பேர் இந்த வகை.

இந்த நீலம் சிகிச்சையையே மாற்றுகிறது. இரண்டாம் கட்ட நோயில் இவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு, 5-எஃப்.யூ. என்ற கீமோ மருந்தைத் தனியாகக் கொடுப்பதால் பலனில்லை. இந்த வகையில் நோய் பரவியவர்களுக்குக் கீமோவைவிடப் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து நீண்டநாள் கட்டுப்படுத்துகிறது என்று 2020-ல் கீநோட்-177 ஆய்வு காட்டியது. அந்த மருந்தின் விலை வேறு கதை. சிலருக்கு இந்தத் திருத்துநர் இல்லாமை பரம்பரைக் கோளாறு. அண்ணன், தங்கை, பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டிவரும்.

சிதம்பரத்துக்கு இந்த நோய் புதிதல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் எலிகளுக்குக் குடல் புற்றை உண்டாக்கி, மிளகாய் அதைத் தூண்டுவதாகவும் சீரகமும் மிளகும் அடக்குவதாகவும் 2006-ல் எழுதினார்கள். எலியின் குடலுக்குக் கிடைத்த அக்கறை நோயாளியின் மெழுகுக் கட்டிக்கும் கிடைக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-ல் அரசின் சுகாதாரத் துறைக்கு மாறிவிட்டது. இனி குடல் புற்று பயாப்சி ஒவ்வொன்றுக்கும் இந்தச் சாயப் பரிசோதனையைக் கேட்காமலே செய்வதுதான் நியாயம்.

அதுவரை நோயாளியின் வீட்டார் கேட்டு வாங்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ கிளம்பும்போது ரிப்போர்ட்டோடு அந்த மெழுகுக் கட்டியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.