நோய் எதிர்ப்பு சக்தி - போதும் அண்ணாச்சி, விட்ருங்க!

போன வாரம் சக பதிவர் ஒருத்தர் கொரோனா காலத்தைப் பத்தி ஒரு பதிவு போட்டிருந்தார். பேர் வேண்டாம். எங்க மாவட்டத்துக்காரர்தான், நல்ல மனுசன். பின்னூட்டத்துலயே பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். தட்டத் தட்ட அது அவர் பதிவை விடப் பெருசா வளர்ந்துடுச்சு. சரி, நம்ம கடையிலயே போட்டுருவோம்னு இங்க கொண்டு வந்துட்டேன். அவர் ஒருத்தரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. 2020-ல ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் டீக்கடை, கல்யாண வீடு, வாட்ஸப்னு ஊரே இதைத்தான் பேசிக்கிட்டிருக்கு.

அவர் எழுதினது இது:

//கொரோனாவில் இறந்தவர்கள் எல்லோரும் நோய் எதிர்ப்பு சக்தி இல்லாதவர்கள். வெயிலிலும் வேக்காட்டிலும் உழைக்கிற நம் விருதுநகர் மாவட்டத்து உடம்பை எந்தக் கிருமியும் அசைக்க முடியாது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொண்டால் போதும், மருந்தும் வேண்டாம் ஊசியும் வேண்டாம்.//

மூணு வாக்கியம். மூணும் தப்பு. அதுலயும் அந்த முதல் வாக்கியம் இருக்கே, அது தப்பு மட்டுமில்லை, பாவம். ஏன்னு பின்னால சொல்றேன். முதல்ல விஷயத்துக்கு வருவோம்.

கொரோனா கிருமி மூக்கு, தொண்டை வழியா உள்ள போய், செல் மேல இருக்குற ஏ.சி.இ.-2 அப்படிங்கிற புரதத்தைப் பிடிச்சுக்கிட்டு உள்ள நுழையுது. நுழைஞ்சு, தன்னைத் தானே நகல் எடுத்துப் பெருகுது. கிருமி புகுந்த செல், இன்டர்ஃபெரான்னு ஒரு பொருளை வெளிய விட்டு அக்கம்பக்கத்துக்குச் சங்கு ஊதும். காய்ச்சல், மேல்வலி, அசதி இதெல்லாம் வருதே, அதுல பாதிக்கு மேல கிருமி நேரடியா செய்யுற வேலை இல்லை. நம்ம உடம்பு சண்டை போடுற சத்தம் அது. பெரும்பாலானவங்களுக்கு முதல் வாரத்தோட சண்டை முடிஞ்சு கிருமி காலி.

சிலருக்கு மட்டும் ஏழு, எட்டு, பத்து நாள் ஆனப்புறம்தான் ஆபத்தே ஆரம்பிச்சது. கிருமி குறைய ஆரம்பிக்கிற நேரம் அது. ஆனா சண்டை நிக்காது. முள்ளு குத்தின இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்குது பாருங்க, அதுக்குப் பேர்தான் அழற்சி. அதே அழற்சி நுரையீரல் முழுக்க வந்தா என்னாகும்? ரத்தக்குழாய் கசிஞ்சு, காத்துப்பையில நீர் கோத்துக்கும். மூச்சு இழுத்தாலும் ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போகாது. இன்டர்லூகின்-6 மாதிரி செய்திப் புரதங்கள் 'வா வா'ன்னு மேல மேல ஆள் கூப்பிடும். வந்த வெள்ளணுக்கள் இன்னும் ஆள் கூப்பிடும். குழாய்க்குள்ள ரத்தம் கட்ட ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரியில சி.ஆர்.பி., டி-டைமர்னு ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களே, எதுக்குன்னு நினைச்சீங்க? கிருமி எவ்வளவு இருக்குன்னு பார்க்க இல்லை. உடம்பு தன் மேலயே எவ்வளவு கோவமா இருக்குன்னு பார்க்கத்தான்.

அதாவது ஐ.சி.யு.வுல கிடந்தவங்கள்ல நிறைய பேருக்கு எதிர்ப்பு 'இல்லாம' இல்லை. ஆரம்பத்துல சங்கு சரியா ஊதலை, அப்புறம் ஊத ஆரம்பிச்சு நிறுத்தத் தெரியலை. 2020-ல பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து தீவிர கொரோனா நோயாளிகள் 987 பேரோட ரத்தத்தைச் சோதிச்சாங்க. அதுல 101 பேருக்கு, அந்த இன்டர்ஃபெரானையே முடக்குற எதிர்ப்பொருள் ரத்தத்துல இருந்தது. சங்கு ஊதுறவன் கழுத்தைச் சொந்தப் படையே நெரிச்சிருக்கு. இவங்களுக்கு எதைக் 'கூட்ட'ச் சொல்றீங்க அண்ணாச்சி?

//எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொண்டால் போதும்//

இப்ப இதுக்கு வர்றேன். 2020 ஜூன் 16. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 'ரெக்கவரி'ங்கிற ஆய்வோட முடிவை வெளியிட்ட நாள். கொரோனாவுல சாவைக் குறைக்குதுன்னு உருப்படியா நிரூபணமான முதல் மருந்து அன்னிக்குத்தான் தெரிஞ்சது. டெக்ஸாமெத்தசோன். புதுசு இல்லை, அறுபது வருசத்துக்கு மேல புழக்கத்துல இருக்குற, சல்லிசான ஸ்டீராய்டு. 2104 பேருக்குத் தினம் 6 மில்லிகிராம் குடுத்தாங்க. 4321 பேருக்குக் குடுக்காம வழக்கமான சிகிச்சை. 28 நாள் கழிச்சுக் கணக்குப் பார்த்தா, வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல மருந்து இல்லாதவங்க 100-க்கு 41 பேர் இறந்திருந்தாங்க, மருந்து வாங்கினவங்க 29 பேர். ஆக்சிஜன் மட்டும் வச்சிருந்தவங்களுக்கு 26-ல இருந்து 23 ஆச்சு.

அந்த மருந்து என்ன வேலை பண்ணும் தெரியுமா? எதிர்ப்பை அடக்கும்!

இன்னொரு தடவை படிங்க. ஊர் பூரா 'கூட்டு கூட்டு'ன்னு பொடியும் லேகியமும் வித்துக்கிட்டிருந்தப்போ, ஆஸ்பத்திரியில உயிரைக் காப்பாத்தினது 'கொஞ்சம் அடங்கு'ன்னு சொன்ன மாத்திரை.

உடனே 'அப்ப அடக்கிட்டா நல்லதுதானே'ன்னு அந்தப் பக்கம் ஓடாதீங்க. அதே ஆய்வுல, ஆக்சிஜனே தேவைப்படாத நிலைமையில இருந்தவங்களுக்கு அந்த மருந்தால எந்தப் பலனும் தெரியலை, மருந்து வாங்கினவங்க பக்கம்தான் சாவு எண்ணிக்கை கொஞ்சம் கூடவே இருந்தது. 2021-ல நம்ம நாட்டுல என்ன நடந்தது? காய்ச்சல் வந்த ரெண்டாம் நாளே கடையில ஸ்டீராய்டு வாங்கி முழுங்கினவங்க உண்டு. ஏற்கெனவே சர்க்கரை இருக்குற உடம்பு, அதுல ஸ்டீராய்டு சர்க்கரையை இன்னும் ஏத்தி, எதிர்ப்பையும் இறக்கிவிட்டா? கருப்பு பூஞ்சை. அந்த வருசம் ஜூலை வரைக்கும் நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல வந்து, 4,300 பேருக்கு மேல செத்தாங்க. கண்ணை எடுத்துத்தான் உயிரைக் காப்பாத்தணும்னு ஆனவங்களும் உண்டு.

ஆக, கூடினாலும் சாவு, குறைஞ்சாலும் சாவு. எவ்வளவு, எப்போ, எங்கன்னுதான் கேள்வி. 2025-ல மருத்துவத்துக்கான நோபல் பரிசு மூணு பேருக்குக் குடுத்தாங்களே (மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி), எதுக்கு? உடம்போட படை சொந்த உடம்பையே அடிச்சிடாம பிடிச்சு நிறுத்துற செல்களைக் கண்டுபிடிச்சதுக்கு. பிரேக்குக்கு நோபல்! ஆக்சிலேட்டரை மட்டும் மிதிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுறதுக்குப் பேர் பலம்னு நாமதான் சொல்லிக்கிட்டிருக்கோம்.

இதைப் புரிஞ்சுக்கறதுக்கு எங்க பக்கத்து ஆளுக்கு நோபல் கூட வேண்டாம். சிவகாசியில 'மருந்து'ன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு ஆஸ்பத்திரியில குடுக்குறது. இன்னொண்ணு வெடிக்குள்ள போறது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். 'மருந்து ஜாஸ்தி இருந்தா நல்லது'ன்னு எந்த போர்மேனாவது சொல்வாரா? ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது. அளவுக்கு மேல மருந்து உள்ள வைக்கக் கூடாது. ரூமுக்கும் ரூமுக்கும் இடைவெளி விடணும். பட்டாசு ஆபீஸ் சட்டதிட்டம் மொத்தமும் ஒரே விஷயம்தான்: சக்தி இருக்கட்டும், அது ஒரு இடத்தோட நிக்கட்டும்.

அது நிக்காமப் போன நாளும் நமக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. கிட்டத்தட்ட 40 உயிர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவங்க, அடுத்தடுத்த வெடிப்புல மாட்டினாங்க. நுரையீரல்ல நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான். உதவிக்கு ஓடி வந்த அணுக்களே அங்க நெருப்பாச்சு.

//உழைக்கிற நம் விருதுநகர் மாவட்டத்து உடம்பை//

இந்த வரியைப் படிச்சப்பதான் எனக்குக் கை துறுதுறுன்னுச்சு. எங்க தெருவுல ஒரு அண்ணன். பேன்சி ரகம் போடுற ஆபீஸ்ல வேலை. பீஸ் ரேட்டு. எத்தனை உருப்படியோ அத்தனை காசு, லீவு போட்டா ஒண்ணுமில்லை. 2021 மே மாசம் காய்ச்சல். 'நம்ம உடம்பு மருந்துலயே ஊறின உடம்பு, இதெல்லாம் என்ன பண்ணும்'னு சுத்தி இருந்தவங்க சொல்லிச் சொல்லி ஒரு வாரம் கஷாயத்துலயே ஓட்டினார். விரல்ல மாட்டுற அந்த ஆக்சிஜன் மீட்டர் தெருவுல எவர் வீட்டுலயும் கிடையாது. மூச்சு வாங்காமலே ஆக்சிஜன் இறங்கும்கிற விஷயம் அவருக்கு யாரும் சொல்லலை. தூக்கிட்டுப் போறப்போ 80-க்குக் கீழ. மூணாம் நாள் போயிட்டார்.

அடக்கத்துக்கு ஆள் கிடையாது. கருமாதிக்கு வந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'ரெசிஸ்டன்ஸ் பவர் இல்லாத உடம்பு, பாவம்.'

பத்து நாளைக்கு முன்னாடி வரைக்கும் இரும்பு உடம்பு. செத்ததும் சக்தியில்லாத உடம்பு. எப்படி அண்ணாச்சி?

இதுதான் நான் பாவம்னு சொன்னது. 'எதிர்ப்பு சக்தி' எப்பவுமே செத்ததுக்கு அப்புறம் எழுதுற மார்க்கு. பிழைச்சா இருந்தது, செத்தா இல்லை. இதுல மருத்துவமும் இல்லை, அறிவும் இல்லை. செத்தவன் மேல பழியைப் போட்டுட்டு மத்தவங்க நிம்மதியா சாப்பாட்டுப் பந்திக்குப் போறதுக்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

இந்த வழி நமக்குப் புதுசும் இல்லை. ஒவ்வொரு வெடி விபத்து முடிஞ்சதும் கேக்குறோமே, 'உராய்வு', 'தொழிலாளர் கவனக்குறைவு'. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20 பேருக்கு மேல இறந்தாங்க. அங்க உராய்வுன்னு முடிச்சுக்கலாம். ஆனா லைசென்சு ஒருத்தர் பேர்ல, ரூம்கள் உள்குத்தகைக்குப் பல பேர் கையிலன்னு அப்புறம்தான் வெளிய வந்தது. கவனக்குறைவு யாருடையது? திரி வச்சவங்களுதா, உள்குத்தகைக்கு விட்டவங்களுதா, அதைப் பார்க்க வேண்டிய நேரத்துல பார்க்காதவங்களுதா?

அதே மாதிரிதான் இதுவும். காய்ச்சலோட வேலைக்குப் போக வச்ச பீஸ் ரேட்டு மேல பழி இல்லை. தூசியும் மருந்துப் பவுடரும் வருசக்கணக்கா உள்ள போன நுரையீரல் பலமாகாது, தேய்ஞ்சுதான் போகும்னு யாரும் யோசிக்கலை. எங்க மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியே 2022 ஜனவரி 12-லதான் திறந்தாங்க. ரெண்டு அலையும் அதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுச்சு. நிலைமை மோசமானா மதுரைதான் கதின்னு இருந்த காலம். அதைப் பத்தியும் பேச்சில்லை. கேட்டா, அவருக்கு எதிர்ப்பு சக்தி கம்மி!

//மருந்தும் வேண்டாம் ஊசியும் வேண்டாம்//

ஊசியும் எதிர்ப்பைத்தானே கூட்டுதுன்னு சில பேர் மடக்குவீங்க. இல்லை. இந்தக் கிருமியோட முகத்தை முன்கூட்டியே காட்டி, எங்க அடிக்கணும், எப்போ நிறுத்தணும்னு படைக்குப் பழக்குறதுதான் தடுப்பூசி. முகம் தெரிஞ்சா முதல் ரெண்டு மூணு நாள்லயே வேலை முடியும். பத்தாம் நாள் கலவரத்துக்கான வாய்ப்பு ரொம்பக் குறையும். 2021 ஜனவரி 16-ல ஊசி போட ஆரம்பிச்சாங்க. மே மாசம் அந்த அண்ணன் ஒரு ஊசி கூடப் போட்டுக்கலை. 'உழைக்கிற உடம்புக்கு எதுக்கு ஊசி'ன்னு சொல்லி அனுப்பினது நம்ம ஆட்கள்தான்.

கபசுரக் குடிநீரைத் திட்டுறேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. 2020 ஏப்ரல்ல அரசாங்கமே குடுத்தது, நானும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். சித்த மருத்துவத்தோட எனக்கு வழக்கே இல்லை. வாதம், பித்தம், கபம் மூணும் அளவுல நிக்கணும்னு சொல்ற வைத்தியம் அது. வள்ளுவர் கூட 'மருந்து' அதிகாரத்தை ஆரம்பிக்கிறப்பவே, கூடினாலும் நோய் குறைஞ்சாலும் நோய்னுதான் ஆரம்பிக்கிறார். 'கூட்டிக்கிட்டே போ'ன்னு சொன்னது வைத்தியர் இல்லை, பாட்டில்ல அடைச்சு வித்த வியாபாரி.

சரி, என்னதான் பண்ணணும்னு கேப்பீங்க. சர்க்கரை, பிரஷரைக் கட்டுக்குள்ள வைங்க, ஏன்னா அதுங்க இருக்குற உடம்புல அழற்சி ஏற்கெனவே சிம்ல எரிஞ்சுக்கிட்டு இருக்கு. ஊசி போட்டுக்கங்க. காய்ச்சல் வந்தா நாளை எண்ணுங்க, ஆக்சிஜனைப் பாருங்க, ஸ்டீராய்டை நீங்களா வாங்கி முழுங்காதீங்க. இதெல்லாம் ஆளுக்கு ஆள் செய்யுறது. ஊரா சேர்ந்து கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு: காய்ச்சல் வந்த பட்டாசுத் தொழிலாளி கூலி போகாம அஞ்சு நாள் வீட்டுல படுத்திருக்க வழி. எந்தப் பொடியும் தராத எதிர்ப்பு சக்தி அது.

அடுத்து ஒரு கிருமி வராமலா போகும்? அப்பவும் சில பேர் போவாங்க. பந்தியில உக்காந்துக்கிட்டு 'பவர் இல்லாத உடம்பு'ன்னு மட்டும் சொல்லாதீங்க, புண்ணியமாப் போகும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மேல இருக்குறதைப் படிச்சுட்டு மாத்திரையைக் கூட்டுறது, குறைக்கிறது எதையும் செய்யாதீங்க, உங்க டாக்டரைக் கேளுங்க. அண்ணாச்சி, நீங்க கோவிச்சுக்கிட்டா அடுத்த பதிவர் சந்திப்புல புரோட்டா என் செலவு. ஆனா அந்த முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துடுங்க :-)