உறைகடலுக்குப் போர்க்கப்பல் எதற்கு?

துருவப் பயணங்களின் வரலாற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியைப் புரட்டினால் கடற்படைக் கப்பல்களாகவே வருகின்றன. பனியில் யாரோடு சண்டை என்று கேட்கத் தோன்றும்.

சண்டை ஓய்ந்ததுதான் காரணம். 1815இல் நெப்போலியன் தோற்றதும் பிரிட்டிஷ் கடற்படையில் கப்பல்கள் மிஞ்சின. அதிகாரிகள் பலர் அரைச் சம்பளத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கடற்படைத் தலைமையகத்தின் இரண்டாம் செயலர் ஜான் பாரோ, கனடாவுக்கு வடக்கே ஆசியாவுக்குக் கடல்வழி தேட இவர்களை அனுப்பலாம் என்றார். 1818 முதல் பயணங்கள் தொடங்கின.

எல்லாப் போர்க்கப்பலும் இதற்கு உதவாது. அதிகம் பயன்பட்டவை குண்டுக் கப்பல்கள். கோட்டைச் சுவரைத் தாண்டி உள்ளே விழும்படி குண்டை உயர எறியும் மார்ட்டர் பீரங்கி இவற்றில் இருக்கும். அது வெடிக்கும்போது உதைப்பு முழுவதும் தளத்தின் மீது இறங்கும். அதைத் தாங்கக் கப்பலின் அடிப்பகுதியில் கனத்த மரச்சட்டங்களை நெருக்கி வைத்துக் கட்டினார்கள். பனியின் நெருக்கலையும் அந்தச் சட்டங்கள்தான் தாங்கின.

'டெரர்' அப்படி ஒரு கப்பல். 1814இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கோட்டை மீது குண்டு வீசியது. 1836-37இல் வடக்கே மாதக்கணக்கில் பனியில் சிக்கி, உடம்பைச் சங்கிலியால் சுற்றிக் கட்டிய நிலையில், மூழ்காத குறையாக அயர்லாந்துக் கரையில் ஒதுங்கியது. அதையே பழுதுபார்த்து 'எரெபஸ்' கப்பலோடு அண்டார்க்டிக்காவுக்குக் கொண்டுபோனார் ஜேம்ஸ் கிளார்க் ராஸ். 1841இல் அங்கே கண்ட இரண்டு மலைகளுக்கு இன்றும் இக்கப்பல்களின் பெயர்தான்.

1845இல் இதே இரண்டு கப்பல்களில் ரயில் எஞ்சின் பொருத்தி, முகப்பில் இரும்புத் தகடு அடித்து, மூன்றாண்டு உணவு ஏற்றி, பாரோ சொன்ன அந்த வடக்குக் கடல்வழியைத் தேடி ஜான் பிராங்க்ளின் புறப்பட்டார். அவரையும் சேர்த்துக் கடைசிவரை சென்ற 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

பனி கப்பல்களை நொறுக்கிவிட்டது என்றே பலரும் நினைக்கிறோம். எரெபஸ் 2014இலும் டெரர் 2016இலும் கடலடியில் கிடைத்தன. 2019இல் டெரருக்குள் கேமராவை அனுப்பினார்கள். அலமாரியில் தட்டுகள் அடுக்கியபடியே இருந்தன! மரம் தன் வேலையைச் செய்திருக்கிறது. பிசகியது வேறிடத்தில். 1846 செப்டம்பரில் கிங் வில்லியம் தீவருகே கப்பல்கள் சிக்கின. அடுத்த கோடையிலும் பனி விடவில்லை. 1848 ஏப்ரலில் மிஞ்சிய 105 பேர் படகுகளைச் சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். சில வேட்டைக் குடும்பங்களுக்கே அளந்து சோறு போடும் நிலம் அது. நூறு பேருக்கு எங்கே போகும்?

1903இல் நார்வேக்காரர் அமுண்ட்சென் ஆறு பேரோடு பழைய மீன்பிடிப் படகான 'யோவா'வில் கிளம்பினார். அதே தீவில் இரண்டு குளிர்காலம் தங்கி, அங்குள்ள இனுயிட் மக்களிடம் தோலாடையும் நாய்வண்டியும் பழகி, 1906இல் அந்தக் கடல்வழியைக் கடந்தார். கடற்படை கப்பலைச் சரியாகவே தேர்ந்தெடுத்தது. அந்த ஊர்க்காரரிடம் கேட்கத்தான் இல்லை.

டெரர் கிடந்த விரிகுடாவை 2016இல் தேடல் குழுவுக்குச் சொன்னவரும் அத்தீவின் இனுயிட் ஒருவர்தான்.