சபாபதி யார் என்று நாங்கள் கேட்கவில்லை

அந்தமானில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து சுமார் மூன்று நாள் கப்பலில் வந்த எங்கள் சாமான்களில் வெட் கிரைண்டருக்குத் தவறாமல் இடம் இருந்தது. குழவியைச் சாக்கில் சுற்றி, டிரம்மைப் பழைய போர்வையில் பொதிந்து, அடிபடாமல் கரையிறக்கினோம். அதை முதலில் செய்தவர் யார் என்ற பேச்சு மட்டும் எங்கள் வீடுகளில் எழுந்ததே இல்லை.

கோயம்புத்தூர்க்காரர் பி. சபாபதி. 1955இல் முதல் வெட் கிரைண்டரைச் செய்தவர். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைத்தான் கையால் சுற்ற வேண்டும். கிரைண்டரிலோ பாத்திரம் சுற்றுகிறது. குழவி பிடித்து நிறுத்திய இடத்திலேயே உருள்கிறது. மிக்ஸியில் போலச் சூடேறாமல், உளுந்து மெதுவாக அரைபட்டுப் பந்துபோல் பொங்கி வருகிறது. ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறுகையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்த அம்மாக்களின் தோள்வலிக்கு அவர் கண்ட விடை இது.

அடியில் ஓடும் மோட்டாருக்கும் கோவையில்தான் வேர். இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரை 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் அங்கே உருவாக்கினார்கள். நாயுடுவுக்கு அருங்காட்சியகம் உண்டு. அவிநாசி சாலை மேம்பாலத்துக்கும் 2025இல் அவர் பெயரை வைத்தார்கள். மிகவும் சரி. பாலசுந்தரம், சபாபதி என்றால் எங்கள் பிள்ளைகள் விழிப்பார்கள். கிரைண்டருக்கான புவிசார் குறியீடும் கோவையின் பெயரில்தான் இருக்கிறது.

நாங்கள் வாழ்வதோ பெயர் சூட்டிப் பழகிய தீவுகளில். ராஸ் தீவு 2018இல் நேதாஜியின் பெயரைப் பெற்றது. 2023 ஜனவரி 23 அன்று 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயர்கள் வந்தன. 1883இல் தொடங்கிய சாத்தம் மர ஆலையின் அருங்காட்சியகத்துக்கு, ஊரிலிருந்து வரும் உறவினர்களை நாங்களே கூட்டிப்போய்க் காட்டுகிறோம். தியாகத்துக்கும் வீரத்துக்கும் தலைவணங்கத் தெரிந்த எங்களுக்கு, அடுப்படிப் பாட்டைக் குறைத்தவர் கௌரவிக்கத் தக்கவர் என்று தோன்றவில்லை. மாவரைப்பது பெண்கள் வேலை, அதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்ற நினைப்புதான் காரணம். விழா மேடைகளில் யாரைப் பேசுவது என்று முடிவெடுத்தவர்களும் பெரும்பாலும் ஆண்களே.

பொங்கல் விழாவில் கோலப்போட்டி வைத்தோம், பட்டிமன்றம் வைத்தோம். விருந்துக்கான மாவும் கிரைண்டரில்தான் அரைபட்டது. அடுத்த விழாவில் சபாபதியின் பெயரை மேடையேறிச் சொல்ல எந்த அரசாணையும் வேண்டாம்.