படகில் இரண்டு பேட்டரி, ஒரே சார்ஜரா?

கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் தேங்காய்த்திட்டு துறைமுகப் பக்கம் போனால் படகுக்காரப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் வருவதில்லை.

எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ்ஸுக்கு இன்னொன்று என்று வைத்திருப்பது நல்லது. அந்த இரண்டையும் ஒயரால் சேர்த்துக் கட்டி ஒரே சார்ஜரில் போடுவதுதான் எனக்குச் சம்மதமில்லை. நான் படித்த பிரெஞ்சில் 'பத்ரி' என்பது சமையல் பாத்திர வரிசைக்கும் பெயர். வரிசையில் இருப்பதாலேயே எல்லாப் பாத்திரமும் ஒன்றாகிவிடுமா? எது நிரம்பியது, எது காலி என்று சார்ஜருக்குத் தெரியாது. கிழட்டு பேட்டரி புதியதையும் இழுத்துக் கெடுக்கும்.

படகிலேயே பொருத்தும் சார்ஜர் வாங்கினால், பேட்டரிக்கு ஒன்றாகத் தனித்தனி ஒயர் ஜோடி உள்ளதாக, தண்ணீர் புகாததாக வாங்குங்கள். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரிக்குச் சுமார் 10 ஆம்பியர் போதும். லித்தியம் என்றால் அதற்கென்று உள்ள சார்ஜர் வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் அதனதன் பேட்டரிக்கே போகட்டும். பிளஸ் ஒயரில் பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் போடுங்கள். ஈய அமில பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும்; காற்றோட்டம் அவசியம்.

செலவு கூடத்தான். ஆனால் நடுக்கடலில் எஞ்சின் கிளம்பாத இரவில், கரையைக் கூப்பிட வயர்லெஸ்ஸுக்காவது உயிர் இருக்க வேண்டாமா?