பெண்களின் பந்தாட்டம்

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் என்னும் பெண்மணியின் பெயரை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? கிரிக்கெட் வீரர்களின் வரவு செலவுக் கணக்கையும் ஒப்புவிக்கவல்ல நம் வாலிபர்கள், இந்தியப் பெண்கள் கால்பந்துக் கோஷ்டியின் நடுக்களத்தைத் தாங்கி நின்ற இத் தமிழ்ப் பெண்ணை அறியாதிருப்பது வருந்தத்தக்கதேயாம்.

நடுக்கள ஆட்டம் உழைப்பு மிகுந்தது, புகழ் குறைந்தது. எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதும், முன்னணியாருக்கு வழி திறப்பதும், பின்னணி தளரும்போது ஓடிவந்து துணை நிற்பதும் அவ்விடத்தாரின் கடமை. கோல் அடித்தவரையே ஜனங்கள் தோளில் தூக்குவர். இந்துமதியோ இக் கடமையையும் ஆற்றிக் கோலும் அடித்தவர். 2017 ஜனவரியில் சிலிகுரியில் நடந்த தெற்காசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா வங்காளதேசத்தை 3-1 என வென்றபோது ஒரு கோல் அவருடையது. 2019 மார்ச்சில் நேபாளத்து விராட்நகரில், அரை இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்தார். அவ்விரு முறையும் பட்டம் இந்தியாவுக்கே வந்தது.

இவ்வளவு ஆடியவருக்கும் வாழ்க்கைக்கு ஆதாரம் பந்தாட்டமன்று. தமிழ்நாடு போலீஸில் ஸப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகமே. 2020இல் கொள்ளைநோயால் ஊரெல்லாம் அடங்கிக் கிடந்த நாட்களில், அவர் காக்கி உடையில் வீதிக் காவல் புரிந்தார். அது அவருக்குப் பெருமையே. ஆயினும் உத்தியோகம் கிடையாத ஆட்டக்காரிகளின் கதி என்ன? கைதட்டல் ஒருவேளைச் சோற்றுக்கும் உதவாது. ஆட மைதானமும் வாழ ஊதியமும் இல்லையேல் திறமை முளையிலேயே கருகும். இந்துமதியின் வாழ்க்கை புகட்டும் பாடம் இதுவேயென்பது நம் துணிபு.

திறமைக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியன் பட்டம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கே கிட்டிற்று. ஆசியப் போட்டியில் 1980இலும் 1983இலும் இந்தியப் பெண்கள் இரண்டாமிடம் பெற்றனர். பின்னர் நேர்ந்த அலட்சியத்தால் பல்லாண்டுகள் வீணாயின. முதல் ஐந்து தெற்காசியப் பட்டங்களையும் கைக்கொண்டிருந்த நாம் 2022இலும் 2024இலும் அவற்றை வங்காளதேசத்திடம் இழந்தோம். 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது புதிய நம்பிக்கை. இரு கோல்களையும் அடித்த சங்கீதா பாஸ்போரும் நடுக்கள ஆட்டக்காரரே.

பெண்களுக்குப் பந்தாட்டம் தகாது என்பாரும் உளர். இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் அமைத்த கோஷ்டியின் ஆட்டத்தை 1920 டிசம்பரில் லிவர்பூலில் சுமார் 53,000 பேர் கண்டு களித்தனர். மறு ஆண்டே, இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறி, அங்குள்ள கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அத்தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஆட்டம் தகாததாயின் அத்தனை ஜனம் ஏன் திரண்டது? தடையிட்டோர் மதியே தகாதது.

தொழிற்சாலைப் பெண்களைப் பற்றிப் பேசும்போது நல்லூரை நினையாதிருக்க இயலாது. காங்கயம் சாலையிலுள்ள நல்லூரிலும் திருப்பூர் வட்டாரமெங்கும் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் இயந்திரத்தின் முன்னும் செக்கிங் மேஜையிலும் உழைப்போரில் பெண்கள் மிகப் பலர். ஊரார் ஆடுவதற்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கும் இவ்வூர்ப் பெண்மக்கள் தாமும் அவ்வுடுப்பை அணிந்து ஆடலாகாதா? ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் தாய்க்கு ஓய்வே அரிது. அவள் மகளுக்கேனும் மாலையில் ஒரு மணி நேரம் பந்தாட வாய்க்க வேண்டாமா?

மாநகராட்சியார் பெண்களுக்கென மைதானத்தில் நேரம் ஒதுக்குக. பள்ளிகள் பயிற்சியாளரை அமர்த்துக. பனியன் முதலாளிமார் உடுப்பு வழங்குவதோடு நில்லாது, ஆடும் பெண்களுக்கு ஊதியத்தோடு வேலையும் பயிற்சிக்கு ஓய்வும் அளிப்பாராக. தேச ஊழியர்களான நம் வாலிபர்கள் இவற்றை ஓயாது கேட்கவேண்டும். பெற்றோர் அஞ்சாது பெண்களை மைதானத்துக்கு அனுப்ப வேண்டும். கடலூரில் தோன்றிய ஆற்றல் நல்லூரிலும் இல்லாமற் போகாது. அதற்கு இடங்கொடுப்பது நம் கடன், சலுகையன்று.